மேற்கே கால் டிகிரி

மலைமேல் இருந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினார்கள். பொறுப்பு திலகவதிக்கு. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் தேவசகாயம். உருக்காலையில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். திலகவதியைவிடப் பத்து வயது பெரியவர்.

புதிய கருவிகளோடு தொலைநோக்கி கிழக்கே துல்லியமாகப் பார்த்தது. மேற்கே சாய்ந்தால் மட்டும் சிக்னல் மங்கியது. இரண்டு நாளாக மோட்டார், ஒயர், சென்சார் என்று எல்லாவற்றையும் தேவசகாயம் சோதித்துவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்கு, மேற்கு வானில், தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றை நிலா மறைக்கப்போகிறது. தவறவிட்டால் இன்னும் பத்தொன்பது வருஷம் காத்திருக்க வேண்டும்.

"புது சென்சார் தப்பு காட்டுது மேடம். பழையதையே மாட்டிடலாம்."

"பழைய ஒயரையெல்லாம் அறுத்தாச்சே சார்."

திலகவதி ஒரு கோணமானியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். தேவசகாயமும் பின்னால் ஏறினார். தொலைநோக்கி மேற்கே சாய்ந்திருந்தது. அதன் முதுகுச் சட்டத்தில் கோணமானியை வைத்தார் திலகவதி.

"கம்ப்யூட்டர்ல எவ்வளவு?"

"ஐம்பது."

"இதைப் பாருங்க."

ஐம்பதே கால்.

"மேற்குத் தாங்கி வளைஞ்சிருக்கு சார். பழைய ப்ரோக்ராம்ல இதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

தேவசகாயத்தின் முகம் வாடியது. "ஒரு வரி இருந்துச்சு. மேற்கே சாய்ஞ்சா கால் டிகிரி குறைன்னு. காரணமும் இல்லை, பேரும் இல்லை. புதுசுக்கு மாத்தும்போது குப்பைன்னு விட்டுட்டேன்."

"திரும்ப எழுதுங்க. காரணத்தையும் சேர்த்து எழுதுங்க."

மறுநாள் நிலா மறைத்தது. திரையில் சிக்னல் கோடு சட்டென்று விழுந்தது. நாற்பது நிமிஷம் கழித்து நேராக எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தேவசகாயம் மட்டும் எழுந்து, அந்த வரியை எழுதியது யார் என்று பட்டறை அலமாரியில் பழைய குறிப்பேடுகளைத் தேட ஆரம்பித்தார். பன்னிரண்டாவது குறிப்பேட்டில் கிடைத்தது: 'நாலு வெயில் நாள், மூணு மழை நாள் அளந்தேன். கால் டிகிரிதான். ஜோகி, மெக்கானிக்.'

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஜோகியின் வீட்டை விசாரித்துக்கொண்டு கீழே பள்ளத்து ஊருக்குப் போனார்கள். ஜோகி உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். தேவசகாயம், நிலா மறைத்தபோது பதிவான கோட்டின் வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க எழுதின வரிங்க ஐயா. அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு."

ஜோகி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானா எழுதினேன்? இருக்கும், இருக்கும்." சிரித்தபடி ஒரு பை நிறையக் கிழங்கை அள்ளிக் கொடுத்தார்.

ஜீப்பில் திரும்பும்போது தேவசகாயம் கிழங்குப் பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இவ்வளவு தூரம் நன்றி சொல்ல வந்தோம். அவருக்கு ஞாபகமே இல்லையே மேடம்?"

"அவர் ஞாபகம் வச்சுக்க எழுதலை சார். அடுத்து வர்றவங்களுக்காக எழுதினார். நீங்க வந்துட்டீங்க."