மிஷின் நடந்த பன்னிரண்டாயிரம் அடி

பல்கீஸ் டீச்சருக்கு முப்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு நடக்க வரும் அவருடைய சீடர்களில் ஒருத்தர்கூட ஐம்பதுக்குக் கீழே கிடையாது. எல்லாரும் சர்க்கரை வியாதிக்காரர்கள்.

டீச்சர் ஆளுக்கொரு சோடி போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு எட்டாயிரம் காலடி நடக்க வேண்டும். மற்ற நாட்களில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். போன் எண்ணிக் காட்டுகிற அடிக்கணக்கைச் சாயங்காலம் சோடிக்கு அனுப்பிவிட வேண்டும்.

"எனக்கு அனுப்பாதீங்க. நான் யாரு? சோடிக்குச் சொல்லுங்க" என்பார்.

டெய்லர் இசக்கியப்பனுக்குச் சோடி பேக்கரி செபத்தையா. சின்ன வயதுப் பழக்கம். எவ்வளவு பிரியமோ அவ்வளவு போட்டி.

முதல் வாரம் இசக்கியப்பன் ஒழுங்காகத்தான் நடந்தார். அப்புறம் தீபாவளித் தைப்பு வந்து குவிந்தது. மைதானத்துப் பக்கமே போக முடியவில்லை. ஒரு சாயங்காலம் போனைப் பார்த்தால் அறுநூறு அடி. செபத்தையா ஐயாயிரம் அனுப்பியிருந்தார். இசக்கியப்பனுக்கு மானமே போன மாதிரி இருந்தது.

மறுநாள் போனைக் கெண்டைக்காலில் வைத்து, அளவெடுக்கிற டேப்பால் சுற்றிக் கட்டிக்கொண்டு தையல் மிஷினை மிதித்தார். போன் அது பாட்டுக்கு எண்ணியது. காலு ஆடத்தானே செய்யுது, இதுவும் நடைதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அன்றைக்கு எட்டாயிரம். பண்டிகை நெருங்க நெருங்கப் பன்னிரண்டாயிரம். அடேயப்பா, இருந்த இடத்திலேயே தென்காசி வரைக்கும் போயிருப்பார் மனுஷன்!

பண்டிகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தார். செபத்தையாவைக் காணவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"உக்காந்தா எந்திரிக்க மனசு வரமாட்டேங்கு. நடக்கதுக்கு ஒரு வைராக்கியம் வேணும்லா, அது எங்க இருந்து வரும்?"

டீச்சர் ஏற இறங்கப் பார்த்தார். "தினமும் பன்னெண்டாயிரம் நடக்கீங்கன்னு செபத்தையா அண்ணாச்சி சொன்னாங்களே. நீங்களா இதைக் கேக்கீங்க?"

இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டு மிஷின் கதையைச் சொன்னார். டீச்சர் சிரித்துவிடுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"என்கூட வாங்க" என்று செபத்தையா வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

செபத்தையா கட்டிலில் கிடந்தார். வலது பாதத்தில் பெரிய கட்டு.

"வாரும் வே இசக்கி! ஒண்ணுமில்ல, கொப்புளம். கவனிக்காம விட்டுட்டேன், சீழ் வச்சிட்டு. சர்க்கரைக்காரன் புண்ணுக் காலோட நடப்பானான்னு டாக்டர் ஏசுதாரு. ஒரு விரலை எடுக்கணுமான்னு புதன்கிழமை பாத்துச் சொல்லுவாராம்."

"வலிச்சா உக்கார வேண்டியதுதானே வே?"

"நல்லாச் சொன்னீரு! தீபாவளித் தைப்புக்கு நடுவுல நீரு பன்னெண்டாயிரம் நடக்கீரு, நான் உக்காரவா? பேக்கரி மாடிப்படியில ஏறி ஏறி இறங்குனேன்லா." செபத்தையா இசக்கியப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீரு இல்லைன்னா நான் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன் வே."

இசக்கியப்பன் கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்தார்.

"நான் நடக்கலை வே" என்றார். டேப்பைக் கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

செபத்தையா கையை விட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் இசக்கியப்பன் அழுதுவிட்டார்.

"அவருக்கு வேற நல்ல ஆளாச் சோடி போட்டுருங்க டீச்சர். நான் எதுக்கும் ஆகாதவன்."

"உங்க பொய்யை நம்பியே புண்ணுக் காலோட இவ்வளவு நடந்த மனுஷனுக்கு, நான் வேற யாரைப் போட?"

இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு எந்திரிச்சு நடக்க இனி எத்தனை நாள் ஆகுமோ, தெரியாது. நாளையிலேருந்து அவரு நடையையும் சேத்து நீங்கதான் நடக்கணும் அண்ணாச்சி. போன்ல அனுப்பாதீங்க. சாயங்காலம் இங்க வந்து, அவரு முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. நூறு அடின்னா நூறு அடி."

"அவரு என்கூட பேசலைன்னா?"

"பேசுற வரைக்கும் நடங்க" என்றார் டீச்சர்.