கனல்முரசின் வாயை அடைத்த நுரை

நீலப்பாறை சமஸ்தானத்தில் கனல்முரசு கோதண்டத்துக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லவேண்டும். மாறினால் அவருக்குக் கோபம் வரும்.

முதல் அநியாயம், ஏரித்தண்ணீருக்கு வரி. இரண்டாவது, வரியை எதிர்த்து அவர் கொடுத்த மனுவில் அரண்மனை நாவிதர் மருதையன் சவரக்கத்தியைத் துடைத்தது. மூன்றாவது, அவர் எழுதிய துண்டுப் பிரசுரத்துக்காக அச்சுக்காரர் சூசையைச் சிறையில் போட்டது. எழுதியவரை விட்டுவிட்டார்கள்! "அச்சு அழகாக இருந்ததால்தான் ஜனங்கள் படித்தார்கள். எழுத்துக்கு என்ன தண்டனை?" என்றாராம் மன்னர் உக்கிரபூபதி. அந்த அவமானம் கோதண்டத்துக்கு இன்னும் ஆறவில்லை.

அரண்மனைச் சம்பளம் தொடமாட்டேன் என்று சந்தைத் திடலில் சத்தியம் செய்தவர் அவர். அப்படிப்பட்டவரை மன்னர் சபைக்கு வரவழைத்து ஒரு வேலை சொன்னதுதான் நான்காவது அநியாயம்.

"கன்னம் எரிகிறது. திவான் வாங்கும் சோப்பு தேங்காய் நார்தான். கெட்டி நுரை தரும் சோப்பும் பிரஷும் நீ தேர்ந்தெடு," என்றார் மன்னர்.

"நானா?"

"முப்பது வருஷமாக வாயில் நுரை தள்ளப் பேசுகிறவன் நீதானே?"

சபை சிரித்தது. மறுக்க வாயெடுத்த கோதண்டத்துக்குச் சட்டென்று மன்னரின் பாட்டனார் காலத்து விதி நினைவுக்கு வந்தது. புதன்கிழமைச் சவரத்தின்போது, மன்னர் முகத்தில் நுரை பூசியதும் ஒரு மனு படிக்கப்படும். கத்தியின் முதல் இழுப்புக்குள் அவர் வாய்திறந்து "கூடாது" என்னாவிட்டால் மனு செல்லும். வெறும் தலையசைப்பு மறுப்புக் கணக்கில் சேராது. நுரையைத் தன் கையால் துடைப்பது அரசருக்கு இழுக்கு. இதுவரை திவானின் சோப்பு நீர்மோராக ஓடியதால், ஒரு மனுவும் "கூடாது"விலிருந்து தப்பியதில்லை.

"உத்தரவு, மகாராஜா," என்றார் கோதண்டம், பூனைபோல.

மருதையன் வீட்டில் சோதனை நடந்தது. சந்தன சோப்பு குமிழிவிட்டு உடைந்தது. பன்றிமுடிப் பிரஷ் தண்ணீரைச் சிந்தியது. ஒவ்வொன்றையும் தம் முகத்தில் பூசி, "அடங்கமாட்டோம்! அஞ்சமாட்டோம்!" என்று முழங்கிப் பார்த்தார். கடைசியில், வெந்நீரில் ஊறிய மெல்லிய ரோமப் பிரஷால் ஒரு கொழுப்புச் சோப்பைக் குழைத்தபோது, நுரை தயிராடைபோல் மூக்குவரை ஏறியது. "அட..." என்றதும் வாய் அடைத்துப்போயிற்று.

"இதுதான் அண்ணே!" என்றார் மருதையன். "முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் ஊரு நிம்மதியா இருக்கு."

புதன்கிழமை. மன்னர் முகத்தில் நுரை மேகம்போல் உட்கார்ந்தது. கோதண்டம் எழுந்து, "அச்சுக்காரர் சூசையை இப்போதே விடுதலை செய்யவேண்டும்!" என்று படித்தார்.

"கூ..." என்றார் மன்னர். சோப்பு உள்ளே போயிற்று. "ப்பூ!"

"கூப்பூ என்பது மறுப்பாகாது, மகாராஜா," என்றார் கோதண்டம் பணிவாக.

மருதையன் கத்தியை ஒரு இழுப்பு இழுத்தார். மனு செல்லுபடியாகிவிட்டது.

முகம் துடைத்ததும் மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "முழக்கம் செய்யாததைச் சோப்பு செய்துவிட்டதே ஐயா! சூசையைக் கூட்டிவாருங்கள். மருதையா, இவருக்கும் ஒரு பூச்சு போடு!"

கோதண்டம் ஏனென்று கேட்பதற்குள் நுரை மூக்கைத் தொட்டது. திவான் புதிய ஆணையைப் படித்தார்: "இவரை அரண்மனைச் சம்பளத்தில் நுரை அதிகாரியாக நியமிக்கிறோம். மறுப்பு உண்டா?"

"விதியில் முகம் யாருடையது என்று பாட்டனார் சொல்லவில்லை," என்றார் மன்னர்.

"மா..." என்றார் கோதண்டம். அவரே தேர்ந்தெடுத்த சோப்பு. அருமையான சோப்பு. துண்டுக்குக் கை போவதற்குள் மருதையன் கத்தியை இழுத்துவிட்டார்.

"சாட்சிகள் கேட்கட்டும்," என்று திவான் தொண்டையைக் கனைத்தார். "நியமனம் பெற்றவர், கோதண்டம்."

அப்போதுதான் உள்ளே வந்த சூசை கைகூப்பினார். "ஐயா, பட்டத்தை விட்டுட்டீங்க. அவருக்குக் கோபம் வரும்."

திவான் மறுபடி உரக்கப் படித்தார்:

"கனல்முரசு கோதண்டம்!"