புளியங்கொட்டையின் ஞாபகம்

ஆற்றோரப் புளியந்தோப்பில் ஒரு பெருச்சாளி சூதாட்டக் கடை போட்டிருந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புளியங்கொட்டை, அதன் ஒரு பக்கம் பாறையில் உரசி வெள்ளையாக்கியது, மறு பக்கம் கறுப்பு. எந்தப் பக்கம் விழும் என்று சரியாகச் சொன்னால், வைத்த நெற்கதிர்க் கட்டோடு இன்னும் அரைக் கட்டு கிடைக்கும். தப்பாகச் சொன்னால் முழுக் கட்டும் போச்சு. அந்த வித்தியாசத்தில்தான் பெருச்சாளியின் தொப்பை வளர்ந்தது.

வரப்பன் என்ற வயல் எலி, மழைக்காலச் சாப்பாட்டுக்காக நாலு கட்டு நெற்கதிர் சேர்த்து வைத்திருந்தது. வளையில் மனைவி மூக்காயியும் ஐந்து குட்டிகளும் இருந்தன.

மற்றவர்களைப் போல வரப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஆடவில்லை. மூளையைக் கசக்கி ஆடியது. முதலில் வேடிக்கை பார்த்தது. இரண்டு முறை கறுப்பு. பாறையில் பல்லால் இரண்டு கோடு கீறிக்கொண்டது. இனி வெள்ளை விழாமல் எங்கே போகும் என்று ஒரு கட்டை வைத்தது. கறுப்பு. இன்னொரு கோடு, இன்னொரு கட்டு. கறுப்பு விழ விழ அதற்குத் தெம்பு கூடியதுதான் வேடிக்கை. நாலு கட்டும் பெருச்சாளியிடம் போய்ச் சேர்ந்தன.

"ஆறு கறுப்பு ஆயிடுச்சு. ஏழாவது வெள்ளைதான். என் வளையையே வைக்கிறேன்" என்றது வரப்பன். ஜெயித்தால் நாலு கட்டும் திரும்பத் தருவதாகப் பெருச்சாளி தாராளமாக ஒப்புக்கொண்டது.

சேதி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்த மூக்காயி, கீழே கிடந்த வேறொரு கொட்டையை உரசி நீட்டியது.

"இதைப் போட்டா வெள்ளை விழுமா?"

"அது எப்படித் தெரியும்? விழுந்தாலும் விழும், விழாட்டியும் விழாது. புதுக் கொட்டையாச்சே."

"பழைய கொட்டைக்கு மட்டும் ஞாபகம் இருக்கா? கோடு கீறினது நீங்க. அது உங்க கோட்டைப் பார்த்துட்டா விழுது?"

வரப்பன் கோடுகளைப் பார்த்தது. கொட்டையைப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, வளையையாவது காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பியது.

மறுநாள் தூறலில் ஏழு பேரும் சிந்திய கதிர் பொறுக்கப் போனார்கள். தோப்பைக் கடக்கும்போது பெருச்சாளி கொட்டையைப் போட்டது. வெள்ளை!

"பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன்!" என்று துள்ளியது வரப்பன்.

மூக்காயி அதன் வாலைக் கவ்வி வயல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

முன்னால் விழுந்ததை எண்ணி வைத்துக்கொண்டு அடுத்ததன் மேல் பந்தயம் கட்டுபவன், கையில் இருப்பதையும் இழப்பான்.