சரி வேலைக்குப் போகாத வெள்ளிக்கிழமை

சேலத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், வலைத்தளம் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகம் ஒன்று இருந்தது. மூன்று மேஜை, மூன்று கம்ப்யூட்டர், மூன்று பேர். முதலாளி தணிகைவேல். பக்கங்களை வரைந்து அழகுபடுத்துகிறவள் ஃபர்ஹானா. அவள் வரைந்ததை ஓட வைக்கிறவன் யூஜின்.

தணிகைவேலின் வாயில் மூன்று சொற்கள் குடியிருந்தன. நுனிநாக்கில் சரி. கன்னத்து ஓரத்தில் பார்க்கலாம். தொண்டைக்குழிக்குள், வெளிச்சம் படாத இடத்தில், முடியாது.

மூன்றும் அலுவலகம் திறந்த அன்றே வேலைக்குச் சேர்ந்தவைதான். ஆனால் உழைத்தது சரி ஒருத்தி மட்டும்.

ஆரம்பத்தில் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. போன் வரும். தணிகைவேல் வாயைத் திறப்பார். அவள் 'ங்க' என்கிற துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாக்கின் நுனியிலிருந்து குதித்து, கம்பி வழியே ஓடி, எதிர்ப்பக்கத்துக் காதில் போய் நிற்பாள். அங்கே ஒரு முகம் மலரும். "பரவாயில்லையே, நல்ல பையன்" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவாள். பேர் கிடைத்தது, வேலைகளும் வந்தன.

ஒரு மசாலாக் கம்பெனிக்குப் போனாள். ஒரு பல் டாக்டருக்குப் போனாள். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கேதான் அவளுக்கு இடுப்பு ஒடிந்தது.

அந்தப் பள்ளியின் தாளாளர் மரகதவல்லி அம்மாள். நாற்பது பக்கத்தில் ஒரு வலைத்தளம் கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அட்மிஷன் தொடங்குகிறது, அதற்குள் தளம் திறந்தாக வேண்டும். இதுதான் பேச்சு. இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. அந்த அம்மாளிடம் 'ஒரு சின்ன விஷயம்' என்று ஒன்று இருந்தது. சிக்கல் அதில்தான்.

"தம்பி, ஒரு சின்ன விஷயம். அந்தப் பச்சை இன்னும் கொஞ்சம் பச்சையா இருக்கணும்."

"சரிங்கம்மா."

"தம்பி, ஒரு சின்ன விஷயம். எங்க மாமனார் போட்டோவுல முகம் இறுக்கமா இருக்கு. லேசாச் சிரிக்கிற மாதிரி பண்ணிடுங்க."

"சரிங்கம்மா."

"முதல் பக்கத்துல ஒரு மயில் தோகை விரிச்சு வந்தா எப்படி இருக்கும்?"

"சரிங்கம்மா."

மயில் வந்தது. ஃபர்ஹானா நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பீலியாக வரைந்தாள். ஐந்தாம் நாள் போன் வந்தது. "தம்பி, மயிலை எடுத்துடுங்க. என் நாத்தனார் பார்த்துட்டு, தீப்பெட்டிப் படம் மாதிரி இருக்குன்னுட்டா."

"சரிங்கம்மா."

அந்த முறை திரும்பி வந்த சரி நாக்கில் பொத்தென்று விழுந்தாள்.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றது பார்க்கலாம். அது எப்போதும் ஒருக்களித்துப் படுத்திருக்கும்.

"உனக்கென்ன, நீ படுத்துட்டுப் பேசுவே. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தியா? மயிலை அழிக்கிறப்ப ஸ்க்ரீனைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துட்டு அழிக்கிறா. நான் அந்தப் பக்கம் ஒரு தடவை குதிச்சா இந்தப் பக்கம் நாலு நாள் போகுது."

"அப்ப குதிக்காதே."

"நான் குதிக்கலைன்னா யாரு குதிப்பா? நீயா?"

பார்க்கலாம் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

சரி தொண்டையை எட்டிப் பார்த்துக் கத்தினாள். "யோவ், முடியாது! இருக்கியா, இல்லையா? உனக்கும் சேர்த்து நான் ஒருத்தியே சாகறேன். ஒரு நாளாவது எந்திரிச்சு வரக் கூடாதா?"

கீழேயிருந்து கரகரப்பாகக் குரல் வந்தது. "வராமலா இருக்கேன்? மயில் அன்னைக்குப் பல்லு வரைக்கும் வந்துட்டேன். மனுஷன் மென்னு முழுங்கிட்டாரு. உடம்பெல்லாம் பல்லுத் தடம். வந்து பாரு."

சரி எட்டிப் பார்த்தாள். உண்மைதான். முடியாது ஓர் எழுத்துகூட முழுசாக இல்லாமல் நசுங்கிக் கிடந்தது. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் அதிகம்.

அவளுக்கென்று ஒரே ஒரு பெருமை மிச்சம் இருந்தது. இரண்டு மாதம் முன்பு ஃபர்ஹானா தணிகைவேலின் மேஜைக்கு வந்து, "சார், எங்க அக்காவுக்கு நிக்காஹ் வச்சிருக்கு, வாணியம்பாடியில. அந்தச் சனி ஞாயிறு நான் இருக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை மூணு மணி பஸ்ஸுக்கே கிளம்பணும்" என்று கேட்டாள். தணிகைவேல் யோசிக்கவே இல்லை. "சரி" என்றார். அன்று சரி துண்டு கட்டிக்கொள்ளாமல், நிமிர்ந்து நடந்துபோய் அந்தப் பெண்ணின் காதில் உட்கார்ந்தாள். ஃபர்ஹானா சிரித்த சிரிப்பு இன்னும் சரிக்கு நினைவிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது.

மத்தியானத்துக்குள் நாற்பது பக்கமும் தயாராகிவிட்டது. யூஜின் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், திங்கட்கிழமை கண்ணை மூடிட்டுத் திறக்கலாம்" என்றான். ஃபர்ஹானா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மணி இரண்டு. போன் அடித்தது.

"தம்பி, ஒரு சின்ன விஷயம்." மரகதவல்லி அம்மாளின் குரல் தேனாக இருந்தது. "எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கே. முழுசையும் தமிழ்லயும் போட்டுடுங்க. ஒரு பட்டனை அழுத்தினா மாறிடுமாமே. எங்க மருமகன் சொன்னாரு. திங்கட்கிழமை திறக்கறப்ப ரெண்டும் இருந்துடணும்."

நாற்பது பக்கம். எழுத வேண்டும், பிழை பார்க்க வேண்டும், தமிழ் எழுத்து இடம் அதிகம் பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி அடுக்க வேண்டும். இது தணிகைவேலுக்குத் தெரியும். தொண்டையில் முடியாது எழுந்து உட்கார்ந்ததும் அவருக்குத் தெரிந்தது. எச்சில் விழுங்கினார்.

"சரிங்கம்மா" என்றார்.

சரி ஓடினாள், சொன்னாள், திரும்பினாள். அது பழக்க தோஷம். திரும்பி வந்து பார்த்தபோது தணிகைவேல் ஃபர்ஹானாவின் முகத்தைப் பார்க்காமல், அவள் பையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஃபர்ஹானா... நாளைக்கும் நாளன்னைக்கும் கொஞ்சம் இருக்க வேண்டி வரும்போல."

"நாளைக்கு எங்க அக்கா நிக்காஹ் சார்."

"தெரியும்மா. கல்யாணம் சாயங்காலம்தானே? காலையில ஒரு..."

"சார், எனக்கு இருக்கறது ஒரே அக்கா. அன்னைக்கு சரின்னீங்களே, அது எதுக்கு?"

 சரிக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதம் முன்பு இந்தப் பெண்ணுக்குக் கொடுத்ததையே இப்போது எடுத்துக்கொண்டுபோய் அந்த அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒரே நாற்காலியில் இரண்டு பேரை உட்காரச் சொல்லிவிட்டு வந்த மாதிரி. அவள் எங்கெங்கே எத்தனை பேரிடம் போய் நின்றாளோ, அத்தனையும் இப்போது பொய்யாகத் தோன்றியது.

ஃபர்ஹானா சண்டை போடவில்லை. பையை இறக்கி வைத்தாள். கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். அம்மாவுக்குப் போன் செய்து, "அம்மி, நீங்க எனக்காகக் காத்திருக்க வேணாம். நான் நேரா மண்டபத்துக்கு வரப் பார்க்கறேன்" என்று தணிந்த குரலில் சொன்னாள். எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்களோ, "இல்ல, அழல. சளி" என்றாள்.

நுனிநாக்கில் சரி எழுந்து நின்றாள். இடுப்புத் துண்டை அவிழ்த்து எறிந்தாள்.

"இனிமே நான் போக மாட்டேன்."

பார்க்கலாம் தலையைத் தூக்கியது. "கோவத்துல பேசாதே. வேலை போயிடும்."

"யாரு வேலை? என் வேலையா? போகட்டும். என்னை நம்பி அந்தப் பொண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே டிக்கெட் எடுத்திருக்கா. நான் இனி எந்த மூஞ்சியை வச்சுட்டு அவ காதுக்குப் போவேன்?"

சொல்லிவிட்டு நாக்குக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மறுபடி போன்.

"தம்பி, தமிழ்ல போடறீங்க இல்ல, அதோட இன்னொரு சின்ன விஷயம். பழைய மாணவர்களுக்குன்னு ஒரு பக்கம் வச்சுடுங்க. ஒரு முன்னூறு பேர் இருப்பாங்க. போட்டோவெல்லாம் அனுப்பச் சொல்றேன். செஞ்சுடுங்க."

தணிகைவேல் வாயைத் திறந்தார். வழக்கம்போல நாக்கை உயர்த்தினார். நுனியில் யாரும் இல்லை.

"தம்பி? லைன்ல இருக்கீங்களா?"

அவர் தடுமாறினார். அந்தத் தடுமாற்றத்தில் பார்க்கலாம் கன்னத்திலிருந்து வழுக்கி வெளியே விழுந்துவிட்டது.

"பார்க்கலாங்கம்மா."

"அப்ப ஆயிடும்னு சொல்லுங்க. சந்தோஷம்" என்றார் மரகதவல்லி அம்மாள்.

பார்க்கலாம் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தது. "நான் ஒன்னுமே சொல்லலையே. எப்படி ஆயிடும்னு எடுத்துக்கிட்டாங்க?"

"நீ என்னைக்கு என்ன சொன்னே?" என்று நாக்கடியிலிருந்தே கேட்டாள் சரி. பிறகு தொண்டையைப் பார்த்து, "முடியாது! இப்ப வர்றியா, இல்ல சாகறவரைக்கும் அங்கேயே கிடக்கப் போறியா?" என்றாள்.

"ஏறத் தெம்பில்ல."

"கையைக் கொடு."

அவளே இறங்கிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள். போன் காதில் இருக்கும்போதே தணிகைவேலுக்கு இருமல் வந்தது. நெஞ்சை நீவிக்கொண்டார். மென்று விழுங்கப் பார்த்தார். பற்கள் மூடுவதற்குள் சரி இரண்டு வரிசைக்கும் நடுவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

"ஓடு!" என்றாள்.

"மு..." என்றார் தணிகைவேல். ஃபர்ஹானாவின் விரல்கள் நின்றன. யூஜின் திரும்பிப் பார்த்தான்.

"முடியாதுங்கம்மா."



"என்ன தம்பி சொன்னீங்க?"

ஒருமுறை வெளியே வந்த முடியாதுக்கு இப்போது நடை பிடிபட்டுவிட்டது. "பழைய மாணவர் பக்கம் முடியாதுங்கம்மா. திங்கட்கிழமைக்குள்ள தமிழும் முடியாது. கொஞ்ச நேரம் முன்னாடி நான் ஒத்துக்கிட்டது தப்பு. அதைச் செய்யற பொண்ணுக்கு நாளைக்கு வீட்டுல கல்யாணம். அவளுக்கு நான் முன்னாடியே வாக்குக் கொடுத்துட்டேன்."

"ஊர்ல வேற ஆளே இல்லைன்னு நினைச்சீங்களா?" என்றது போன். அப்புறம் அறுந்தது.

தணிகைவேல் போனை மேஜையில் வைத்தார்.  யூஜின் மெதுவாக, "சார், நிஜமாவே சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான்.

"எப்படி வந்துச்சுன்னே தெரியலைடா."

அவர் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். வாய்க்குள் மூன்று சொற்களும் நனைந்துபோய் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சரிக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடம் போனால் அடுத்த வேலை எப்போது வருமோ? யூஜினுக்கு அப்பா ஆஸ்பத்திரியில். தன் கோபத்துக்கு மூன்று குடும்பத்தையும் தெருவில் விட்டுவிட்டாளா? முடியாதைத் திரும்பிப் பார்த்தாள். அது வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு இருந்தது. 

தணிகைவேல் எழுந்துபோய் ஃபர்ஹானாவின் கம்ப்யூட்டரை அவரே அணைத்தார். "கிளம்பும்மா. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்கு."

"அந்த அம்மா..."

"அதை நான் பேசிக்கறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது போன் மறுபடி அடித்தது. அவள் பாதிப்படியில் நின்றுவிட்டாள். தணிகைவேல் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, போனை எடுத்தார்.

"ரெண்டு பேருக்குப் போன் போட்டு விசாரிச்சேன்" என்றார் மரகதவல்லி அம்மாள். இந்தத் தடவை குரலில் தேன் இல்லை, விறைப்பும் இல்லை. "ரெண்டு நாள்ல ஆகாதுன்னுதான் அவங்களும் சொல்றாங்க. பட்டன் கதையெல்லாம் சும்மாவாமே. மருமகனைக் கேட்டா, எங்கேயோ படிச்சதைச் சொன்னேங்கறாரு. அப்ப எப்பதான் ஆகும்?"

தணிகைவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். "திங்கட்கிழமை இப்ப இருக்கறதைத் திறந்துடறோம். அட்மிஷனுக்கு அது போதும். தமிழுக்கு மூணு வாரம் வேணும். பழைய மாணவர் பக்கத்தை அதுக்கப்புறம் உட்கார்ந்து பேசுவோம். உங்களுக்குச் சம்மதமாங்கம்மா?"

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"சரி" என்றார் அந்த அம்மாள்.

கம்பி வழியே ஒரு புதுச் சரி தட்டுத் தடுமாறி வந்து தணிகைவேலின் காதில் நின்றாள். தலையெல்லாம் தூசி. வெளிச்சம் கூசி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். நடக்கவே தெரியாதவள்போலக் கால் பின்னியது.

இந்தப் பக்கத்துச் சரிக்கு ஆச்சரியம். நாக்கின் நுனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். "என்னடி இது கோலம்? அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்தையே நடத்தற அம்மா. உனக்கு அங்கே வேலையே இல்லையா?"

புதுச் சரி தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"இதுவரைக்கும் யாருமே என்னைக் கேட்டதில்லையே, அக்கா."