கடிகாரம் இல்லாத கை

இசக்கிமுத்து மேடை நாடகம் போடுகிறவர். நோயாளிகளிடம் முகமும் கையும் எப்படிப் பேச வேண்டும் என்று நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்க, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவரை அழைத்திருந்தார்கள். சாப்பாட்டு அறையின் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாயங்காலங்களில் பாடம் நடந்தது.

அவரிடம் கற்றவர்களில் மூத்தவர் தேவகிருபை சிஸ்டர். வாத்தியாருக்குத் தாய் வயது. அன்று எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை.

“வாத்தியாரே, பயமில்லாத முகம் ஒண்ணு வேணும். நாளைக் காலையிலேயே வேணும்.”

“யாருக்கு சிஸ்டர்?”

“எனக்குத்தான்.”

இதய வார்டில் வேதவல்லி என்று ஒரு பெண் இருந்தாள். வால்வு மாற்றவேண்டும். இரண்டு தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை போய், ஸ்ட்ரெச்சரை விட்டு இறங்கி வந்துவிட்டாள். நாளைக்கும் இறங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த இதயத்தோடு போனால் மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ரெண்டு தடவையும் நான்தான் தைரியம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவ முகம் வெளுத்துப் போவுது. பக்கத்துக் கட்டில் அம்மா வேற, இந்த சிஸ்டர் சிரிச்சா ஊசி பெருசுன்னு அர்த்தம்ங்காங்க.”

இசக்கிமுத்து பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

“நான்தான் வேதவல்லி. வாங்க, தைரியம் சொல்லுங்க.”

தேவகிருபை வாசலுக்குப் போய் நுழைந்து வந்தார். வார்டில் செய்ததையெல்லாம் செய்துகாட்டினார். வாத்தியார் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு எழுந்து, பெஞ்சைக் கையால் துடைத்தார்.

“இப்ப நீங்க படுங்க. நான்தான் சிஸ்டர்.”

தேவகிருபை கூச்சத்தோடு படுத்தார். சேலையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இசக்கிமுத்து நுழைந்தார். முதலில், அங்கே இல்லாத டிரிப் பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். குழாயை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார். சிரித்தார்.

“அய்யோ, அது நானேதான்” என்றார் தேவகிருபை.

வாத்தியார் குனிந்து அவர் கையைப் பிடித்தார். “ஒண்ணும் பயப்படாதீங்க. நாங்கள்லாம் இருக்கோம்” என்றார். சொல்லும்போதே அவர் விரல்கள் மணிக்கட்டில் நாடியைத் தேடிப்போய் அமர்ந்தன. கண், தன் கைக்கடிகாரத்துக்குப் போனது. உதடு அசைந்தது. எண்ணினார்.

பெஞ்சில் படுத்திருந்த தேவகிருபை தலையைத் தூக்கினார்.

“என்ன வாத்தியாரே, எப்படி அடிக்குது? சரியில்லையா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே சிஸ்டர். பயப்படாதீங்கன்னுதான் சொன்னேன்.”

தேவகிருபை எழுந்து உட்கார்ந்தார். தன் வலது கையின் மூன்று விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி. அப்ப முகத்தை எப்படி வச்சுக்கிடணும்?”

“முகத்தை விடுங்க. கடிகாரத்தைக் கழட்டித் தாங்க.”

“ஐயோ, இது இல்லாம நான் வார்டுக்குள்ள கால் வச்சதில்லை.”

“நாடி பார்க்க நாளைக்கு வேற ஆள் இருக்காங்கள்ல?”

“இருக்காங்க.”

“அப்ப தாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. அவங்க மூச்சு விடும்போது நீங்களும் விடுங்க. வேற வேஷம் கிடையாது.”

“என்ன பேசணும்?”

“வசனம் நான் எழுதலையே.”

தேவகிருபை கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். வெறுமையான மணிக்கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

விடிந்ததும் ஜெபம் பண்ணினார். ஜெபத்திலும் மனசு நிற்கவில்லை. இன்றைக்கும் அவள் இறங்கிவிட்டால், அவள் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன் ஆண்டவரே என்றே ஓடியது. எழுந்து வார்டுக்குப் போனார்.

வேதவல்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலைமாட்டில் டிரிப் பாட்டில் தொங்கியது. தேவகிருபை அதைப் பார்க்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தைரியமாகச் சொல்ல நினைத்து வந்த ஒன்றுகூட வாயில் வரவில்லை. வேதவல்லியின் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்தார். கூடவே மூச்சு விட்டார். ஓடி வந்தவள் போல அவள் மூச்சு விட்டாள்; இவருக்கும் நெஞ்சு இரைத்தது.

வேதவல்லி திரும்பினாள். தேவகிருபை அவள் கையைப் பிடித்தார். பழக்கதோஷத்தில் விரல்கள் நாடிக்குப் போய்விட்டன. கண்ணும் தன் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே வெயில் படாத வெள்ளைத் தடம்தான் இருந்தது.

அதை வேதவல்லியும் பார்த்தாள்.

“கடிகாரம் எங்க சிஸ்டர்?”

“ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன்மா.”

“மணி பார்க்கணுமே?”

“வேண்டாம்.”

விரல்கள் நாடியை விட்டு உள்ளங்கைக்கு இறங்கின.

“உங்க கை நடுங்குது சிஸ்டர்.”

இல்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது.

“ஆமாம்மா” என்றார் தேவகிருபை.

வேதவல்லி அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, “எம்மவ இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல பாட்டுப் பாடுதா. ரெண்டாவது அடி மறந்து மறந்து போவும் அவளுக்கு” என்றாள். அப்புறம் மகளைப் பற்றியே பேசினாள். தேவகிருபை கேட்டுக்கொண்டே இருந்தார்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிட்டது. வேதவல்லியின் உடம்பு விறைத்தது. தேவகிருபை மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“கதவு வரைக்கும் வருவீங்களா?”

“வருவேன்.”

தியேட்டர் வாசலில் வேதவல்லி ஒருமுறை தலையைத் தூக்கினாள். முன்பு இறங்கிய அதே இடம். தேவகிருபையின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி படுத்துக்கொண்டாள். கதவு மூடியது.

மத்தியானம் வரை தேவகிருபை கஞ்சிகூடக் குடிக்கவில்லை. டாக்டர் வெளியே வந்தபோது அவர் வாய் திறக்கும் முன்பே, இறுக்கம் விட்டு இறங்கிய தோளிலிருந்து தெரிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்தது என்று.

சாயங்காலம் சாப்பாட்டு அறைக்குப் போனார்.

“வாத்தியாரே, நீங்க சொல்லிக்குடுத்தது ஒண்ணும் எனக்கு வரலை. மூச்சு தப்பிப்போச்சு. விரல் நாடிக்குப் போயிட்டுது. கை நடுங்கிச்சு, அதையும் அவ பார்த்துட்டா. பயந்த முகம் அப்படியேதான் இருந்தது. பின்னே எப்படி உள்ள போனா?”

இசக்கிமுத்து கடிகாரத்தை எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“எவ்வளவு நேரம் அவங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தீங்க?”

தேவகிருபை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

“தெரியலையே வாத்தியாரே.”

“நீங்க மணி பார்க்கலைன்னு அவங்களுக்குத் தெரியும்” என்றார் இசக்கிமுத்து.