காட்டெருதுக்குக் காத்திருந்த குட்டிகள்

தை மாதம் நான்காம் நாள், சூரியன் தலைகாட்டும் நேரம். மூங்கிலோடைக்கு மேலே உள்ள பாறைக் குகையில் குமிழி என்ற செந்நாய் ஐந்து குட்டிகளை ஈன்றது.

கடைசிக் குட்டி மிகச் சிறியது. மற்ற நான்கும் ஏறி மிதித்ததில் அது அடியில் போய்விட்டது. குமிழி மூக்கால் தள்ளி அதை மேலே கொண்டுவந்தது.

குமிழியின் தம்பி குறுவாலன் குகைக்குள் எட்டிப் பார்த்தது. அதன் வால் நுனியை எப்போதோ ஒரு சிறுத்தை கடித்துத் துண்டித்திருந்தது.

"இவன் என்ன, பொடிப்பயலாக இருக்கிறான்!" என்றது குறுவாலன்.

"உன் வாலைவிட நீளம்தான்" என்றது குமிழி. "மாமன் ஆகிவிட்டாய். இனிமேல் நீ தின்பதில் பாதி இவர்களுக்கு."

அன்று முதல் அந்தக் குட்டிக்குப் பொடி என்றே பெயர்.

செந்நாய்க்கு அடுப்பும் இல்லை, அம்மியும் இல்லை. வயிறுதான் இரண்டும். வேட்டைக்குப் போனவை இறைச்சியைத் தின்றுவிட்டு ஓடி வரும். பல் முளைத்த குட்டிகள் எதிரே ஓடி, அவற்றின் வாயோரத்தை நக்கும். நக்கினால் பெரியவற்றின் வயிறு தானாகப் புரளும். உள்ளே ஊறி, குழைந்து, இளஞ்சூடாக இருக்கும் இறைச்சியை அவை குட்டிகளின் முன்னால் கக்கிக் கொடுக்கும். அதைத் தின்றுதான் செந்நாய்க் குட்டிகள் பாலை மறக்கின்றன.

இதில் அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் கவளத்தைத் தலைவன்தான் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவை கொடுக்கலாம். முந்தைய தலைவன் காலத்தில் இது பெரிய விஷயமாக இருக்கவில்லை. அன்று என்ன கிடைத்ததோ அதுதான் முதல் கவளம். ஒரு முறை மழை விடாததால் அந்தத் தலைவன் தவளையைக் கொடுத்தது. குட்டிகள் நன்றாகத்தான் வளர்ந்தன.

இப்போதைய தலைவன் தீவண்ணன். குமிழியின் கணவன். வேகமும் துணிச்சலும் உள்ள செந்நாய். ஒரே ஒரு குறை, யார் என்ன சொல்கிறார்கள் என்று எப்போதும் காதைத் தூக்கிக்கொண்டு இருக்கும்.

தை முடியும் சமயத்தில், குகைக்கு மேலே நின்ற மருதமரத்துக்கு ஒரு வால்காக்கை பறந்து வந்தது. அங்கே அதன் கூடு இருந்தது.

"தலைவரே! அக்கரைச் செந்நாய்க் கூட்டத்தின் செய்தி கேட்டீர்களா?" என்று கத்தியது வால்காக்கை. "அங்கே குட்டிகளுக்கு முதல் கவளம் நடந்தது. கடமான்! முழுக் கடமான்! நரி, கழுகு, காட்டுப்பன்றி எல்லாம் வந்து பார்த்து அசந்துபோய்விட்டன!"

"கடமானா?" என்றது தீவண்ணன்.

"கொம்பே இவ்வளவு நீளம்! நீங்கள் என்ன போடப்போகிறீர்கள்? முயலா?"

கூட்டத்தில் ஒன்றிரண்டு சிரித்தன. தீவண்ணன் எழுந்து நின்றது.

"என் குட்டிகளுக்கு முதல் கவளம் காட்டெருது!"

"ஆகா! சொன்னால் தலைவர் சொல்ல வேண்டும்!" என்றது வால்காக்கை.

அதன் கணக்கு வேறு. செந்நாய்க் கூட்டம் ஒரு முயலைப் பிடித்தால் மயிர்கூட மிஞ்சாது. புள்ளிமானைப் பிடித்தால் எலும்பு மிஞ்சும். காட்டெருது விழுந்தால், ஒரு வாரத்துக்கு வால்காக்கைக்கு இரை தேடும் வேலை இல்லை.

வேட்டை தொடங்கியது. காட்டெருது பாறையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கொம்பைத் தாழ்த்தி நின்றது. கூட்டம் வெறும் வயிற்றோடு திரும்பியது. மறுநாளும் அப்படியே. வழியில் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

"தலைவரே, இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே!" என்றது ஓர் இளம் செந்நாய்.

"அதன் பின்னால் ஓடிக் களைத்துவிட்டால் எருதை யார் மடக்குவது? நட!"

கூட்டம் மெலிந்தது. குமிழிக்கு வந்த பங்கும் குறைந்தது. பங்கு குறையக் குறையப் பாலும் குறைந்தது.

ஒருநாள் தீவண்ணன் ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது குமிழி அருகில் போய் நின்றது.

"பல் வந்துவிட்டது. முலையைக் கடிக்கிறார்கள். பால் போதவில்லை."

"இன்னும் இரண்டு நாள்."

"போன வாரமும் இதைத்தான் சொன்னீர்கள்."

"அக்கரையில் கடமான் போட்டிருக்கிறார்கள். நான் முயலைக் கக்கினால் காடே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிப்பவர்களா வந்து பால் கொடுக்கிறார்கள்?"

"உனக்குப் புரியவில்லை, குமிழி. இவர்கள் காட்டெருதில் தொடங்கியவர்கள் என்று நாளைக்கு எல்லோரும் பேச வேண்டும்."

"பேசும்போது இவர்கள் இருக்க வேண்டும்" என்றது குமிழி.

தீவண்ணன் ஓடையிலிருந்து திரும்பி நடந்தது. மறுபடியும் வேட்டைக்குப் போய்விட்டது.

குமிழி மரத்தடிக்கு வந்தது. மேலே வால்காக்கை ஒரு கம்பளிப்புழுவைக் கிளையில் அடித்து அடித்து மயிரை உதிர்த்துக்கொண்டிருந்தது. கூட்டில் குஞ்சுகள் வாயைப் பிளந்து காத்திருந்தன.

"உன் குஞ்சுகளுக்கு முதல் முதலில் என்ன ஊட்டினாய்?" என்று கேட்டது குமிழி.

"இதோ, இந்தப் புழுவைத்தான். நன்றாக நசுக்கிக் கொடுத்தேன்."

"ஊரைக் கூட்டினாயா?"

"நன்றாகக் கேட்டாய்! ஊர் வரும்வரை இதுகள் சும்மா இருக்குமா? பசித்தால் கத்துமே!"

"என் குட்டிகளும் கத்துகின்றன."

வால்காக்கை குனிந்து குமிழியைப் பார்த்தது. பிறகு புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் போய்விட்டது.

அன்று மாலை கூட்டம் வந்தது. எருது கிடைக்கவில்லை. ஆனால் பசி தாங்காமல் திரும்பும் வழியில் ஒரு புள்ளிமான் கன்றைப் பிடித்துத் தின்றிருந்தன. வாசலில் இறைச்சி மணம் வீசியது.

ஐந்து குட்டிகளும் ஓடி வந்தன. எட்டி எட்டிப் பெரியவற்றின் வாயை நக்கப் பார்த்தன.

"யாரும் கக்கக் கூடாது!" என்றது தீவண்ணன். "முதல் கவளம் இன்னும் ஆகவில்லை. முகத்தைத் திருப்புங்கள்!"

ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டன.

பொடி தன் மாமனிடம் வந்தது. மற்ற குட்டிகள் தாவின. பொடியால் தாவ முடியவில்லை. குறுவாலனின் முன்காலில் சாய்ந்து நின்று, கழுத்தை நீட்டி நீட்டி நக்கியது.

"மாமா, கொடு!"

குறுவாலனின் வயிறு புரண்டது. தொண்டைவரை வந்ததை அது பல்லைக் கடித்து விழுங்கியது.

"நாளைக்குடா" என்றது குறுவாலன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் கூட்டம் கிளம்பிப் போனது. குகைக் காவலுக்குக் குறுவாலன் மட்டும் நின்றது. நன்றாக விடிந்த பிறகு குட்டிகள் எழுந்தன. நான்குதான் எழுந்தன.

குமிழி பொடியைக் கவ்விக்கொண்டு ஓடைக் கரைக்குப் போனது. மணலில் வைத்தது. இலைகளை இழுத்து மூடியது. திரும்பி வந்தபோது குறுவாலன் வாசலில் நின்றது.

"அக்கா, எங்கே போனாய்?"

"உன் வயிற்றில் என்ன இருக்கிறது?"

"முயல். சற்று முன்புதான், குகைக்குப் பின்னால் பிடித்தேன்."

"கக்கு."

"மச்சான் உத்தரவு…"

"பொடி செத்துவிட்டான்" என்றது குமிழி.

குறுவாலன் திரும்பியது. குகைக்குள் போனது. நான்கு குட்டிகளும் வந்து வாயை நக்கின. இந்த முறை அது முகத்தைத் திருப்பவில்லை.

மூத்த குட்டி முதலில் மோந்து பார்த்தது. நக்கியது. முகத்தைச் சுளித்துத் துப்பியது. பிறகு மறுபடியும் நக்கியது. இன்னொன்று மூக்கை அழுத்தித் தும்மியது. மூன்றாவது குட்டி அதைக் காலால் மிதித்துவிட்டுத் தன் காலை நக்கிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நான்கும் தின்னக் கற்றுக்கொண்டன.

"இன்னும் கொடுக்கட்டுமா?" என்றது குறுவாலன்.

"வேண்டாம். பழகாத வயிறு. மாலையில் கொஞ்சம் கொடு."

குட்டிகள் வயிறு உப்பிப் படுத்துத் தூங்கின. குறுவாலன் வெளியே போய், ஓடைப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது.

வெயில் சாயும் நேரத்தில் கூட்டம் ஆரவாரத்தோடு வந்தது. காட்டெருது விழுந்துவிட்டது! பல் தேய்ந்த கிழட்டு எருது. ஆனாலும் எருது. சாவதற்கு முன் அது தீவண்ணனின் பின்தொடையைக் கொம்பால் கிழித்திருந்தது. தீவண்ணன் மூன்று காலால் நடந்து வந்தது. வாயில், தோலும் மயிருமாக ஒரு பெரிய துண்டு தொங்கியது.

"கக்கிக் கொடுங்கள்" என்றது குமிழி. "அதை எப்படித் தின்பார்கள்?"

"கக்கினால் எது முயல், எது எருது என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் பார்க்க வேண்டாமா?" தீவண்ணன் துண்டைக் கீழே போட்டது. "பொடியைக் கூப்பிடு! சின்னவனுக்குத்தான் முதல் கவளம்!"

"அவன் வரமாட்டான்."

அதற்குள் மூத்த குட்டி ஓடி வந்து துண்டைக் கவ்வியது. இழுத்தது. ஒரு தோல் கீற்று பிய்ந்து தொண்டைக்குள் போனது. குட்டி மூச்சுவிட முடியாமல் தரையில் புரண்டது. கால்கள் உதறின. கூட்டம் பின்வாங்கி நின்றது. குமிழி பாய்ந்து, குட்டியின் வாய்க்குள் பல்லை விட்டு, கீற்றைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது. குட்டி இருமிவிட்டு அழுதது.

தீவண்ணன் குட்டிகளைப் பார்த்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"பொடி எங்கே?"

"ஓடைக் கரையில். காலையில் கொண்டுபோய் வைத்தேன்" என்றது குமிழி.

தீவண்ணன் அப்படியே கீழே உட்கார்ந்தது.  வால்காக்கை அப்போது அங்கே இல்லை. அது எருது விழுந்த இடத்துக்குப் போயிருந்தது. அந்த எருதின் முதல் கவளம் வால்காக்கைக் குஞ்சுகளுக்குத்தான் போனது. நன்றாக நசுக்கிக் கொடுத்ததால் அவை சுகமாகத் தின்றன.

தீவண்ணனின் தொடை ஆறவில்லை. நரம்பு அறுந்திருந்தது. அதனால் ஓட முடியவில்லை. குறுவாலன் வேட்டையை நடத்தியது. தீவண்ணன் குகை வாசலில் படுத்துக் கிடந்தது.

செந்நாய்க் கூட்டத்தில் முடியாதவர்களுக்கும் குட்டிகளைப் போலத்தான். வாயை நக்கினால் கிடைக்கும். தீவண்ணன் நக்கவில்லை. கூட்டம் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டது. குமிழி ஒருநாள் இறைச்சியை முன்னால் கக்கி வைத்தது. தீவண்ணன் தொடவில்லை. எறும்பு தின்றது.

நாலைந்து நாள் கழிந்தது. அன்று கூட்டம் வந்தபோது தீவண்ணன் மெல்ல எழுந்தது. குறுவாலனிடம் நடந்து போனது. நேராக நிற்க முடியாமல் அதன் தோளில் சாய்ந்தது. கழுத்தை நீட்டி, வாயோரத்தை நக்கியது.

குறுவாலன் அசையாமல் நின்றது. அதே இடத்தில், அதே மாதிரி சாய்ந்து நின்ற இன்னொன்றை அது நினைத்திருக்கலாம். கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. குறுவாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

குறுவாலன் முகத்தைத் திருப்பவில்லை.

"சாப்பிடுங்கள், மச்சான்" என்றது.

தீவண்ணன் தின்றது. பிறகு தலையைத் தூக்காமலே கேட்டது: "அன்று உன்னிடம்தானே வந்தான்?"

"ஆமாம்."

"உன் வயிற்றில் இருந்ததா?"

"இருந்தது" என்றது குறுவாலன்.

 அன்று முதல் தீவண்ணன் குட்டிகளுக்குக் காவல் இருந்தது. தனக்குக் கக்கிக் கொடுத்ததில் கொஞ்சத்தை வயிற்றில் வைத்திருந்து, குட்டிகள் வந்து நக்கியபோது திருப்பிக் கொடுத்தது.

குழந்தையின் முதல் கவளம் அதன் பசிக்கும் பல்லுக்கும் அளவாக இருக்க வேண்டும்; பெற்றவரின் பெருமைக்கு அளவெடுத்தால் அது நேரத்துக்கும் வராது, தொண்டையிலும் இறங்காது.

மறு ஆண்டு தையில் குமிழி மீண்டும் நான்கு குட்டிகளை ஈன்றது. மாசி மாதம் இரண்டாம் நாள் அவற்றுக்குப் பல் தெரிந்தது. அன்று மாலையே தீவண்ணன் முதல் கவளம் கொடுத்தது. முயல்.