யாருக்கு வெட்டிய புல்

"வெளியூர்ல ஜெயிக்கோம். சொந்த மைதானத்துல தோக்கோம். ஏம்மா இப்பிடி?"

கேட்டவர் மரியசெல்வம். துறைமுகக் கால்பந்து அணியின் பயிற்சியாளர். வயது ஐம்பத்தேழு. முப்பது வருஷம் மாவட்ட அணி, கல்லூரி அணி என்று அலைந்து, இந்த வருஷம்தான் தேசிய லீக்கில் ஓர் அணி அவர் கைக்கு வந்திருந்தது.

அவர் கேட்டது தவமணியிடம். மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்பவள். வயது முப்பத்துமூன்று. ஒன்பது வருஷத்தில் அவள் ஆறு பயிற்சியாளர்களை வரவேற்று வழியனுப்பியிருந்தாள். சிக்கல் முற்றினால் அவர்கள் போய் நிற்கும் இடம் கடைசியில் அவளுடைய கருவி அறை வாசலாகத்தான் இருந்தது.

லீக்கில் பன்னிரண்டு அணிகள். ஒவ்வோர் அணியோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் அணியையே கலைத்துவிடுவோம் என்று துறைமுக அணியின் நிர்வாகம் முதல் நாளே கடிதம் கொடுத்துவிட்டது.

அந்தக் கடிதத்தை மரியசெல்வம் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

தவமணி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"ஷூவைக் கழட்டுங்க சார்."

கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார்.

"நடங்க."

நடு வட்டத்திலிருந்து கோல் கம்பம் வரை நடந்தார். திரும்பி நடந்தார். மழை விட்டிருந்த காலை. ஈரப் புல் கால்விரல்களுக்கு இடையில் ஏறியது. பாதி வழியில் நின்றார். முகம் மலர்ந்தது.

"புரிஞ்சிட்டும்மா!"

"இன்னா சார் புரிஞ்சுது?"

"புல்லு ரொம்பக் கட்டையா இருக்கு. அடுத்து வர்றது மலைநாட்டு அணி. தரையோட தரையா உருட்டி ஆடுற ஆளுங்க. இதுல அவங்களுக்குப் பந்து சும்மா ஓடும். முப்பதுக்கு வளர விடு. பந்து அவங்க கால்ல கிடந்து சிக்கட்டும்."

லீக் விதிப்படி புல்லின் உயரம் இருபது மில்லிமீட்டர் முதல் முப்பது வரை இருக்கலாம். அதற்குள் எத்தனை என்பது உள்ளூர் அணியின் விருப்பம். எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் இது தெரியும். மரியசெல்வம் மட்டும் இதை ஒரு புதையலைப் போலக் கண்டெடுத்திருந்தார்.

தவமணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கருவி அறையின் தகரக் கதவில் சாக்பீஸால் எழுதினாள்.

மலைநாடு – 30.

மலைநாட்டு அணியின் கால்களில் பந்து சிக்கத்தான் செய்தது. துறைமுக அணியின் கால்களிலும் சிக்கியது. இரண்டு கோலில் தோற்றார்கள்.

*

அடுத்து ஒரு நெட்டையர் அணி வந்தது. பந்தைத் தூக்கித் தூக்கி அடித்தே பிழைப்பவர்கள்.

"இருபத்தொண்ணுக்கு வெட்டும்மா. ஆட்டத்துக்கு முன்னால நல்லா தண்ணி விடு. அவங்க தூக்கி அடிக்கிற பந்து விழுந்த இடத்துல நிக்காம கோட்டைத் தாண்டி ஓடட்டும்."

நெட்டையர் – 21, தண்ணீர்.

அவர்கள் அடித்த நான்கு பந்து கோட்டைத் தாண்டி ஓடியது. ஐந்தாவது, துறைமுக அணியின் கோல்காப்பாளர் குனிவதற்குள் அவர் கைக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வலைக்குள் போனது.

அதற்கடுத்து ஓட்டக்காரர்கள் வந்தார்கள். தரை சேறாகக் குழைய வேண்டும் என்றார் மரியசெல்வம். குழைந்தது. அவருடைய ஆள் ஒருவருக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது.

கேப்டன் ஜெபின் வந்தான். குமரிக் கடற்கரைப் பையன். அதிகம் பேசமாட்டான்.

"சார், இங்க பந்து வாற வேகமே பிடி கிட்டல்ல."

"அவங்களுக்கும் கிட்டல்லல்லா?"

ஜெபின் யோசித்தான்.

"ஆமா சார்."

"பெறவு என்ன?"

ஜெபின் பயிற்சிக்குப் போய்விட்டான்.

*

அணி தினமும் பயிற்சி செய்வது ஊர்க் கோடியில் இருந்த பழைய மைதானத்தில். லீக் மைதானத்தில் தன் ஆட்களைக் கால் வைக்க விடமாட்டார் மரியசெல்வம். செதுக்கி வைத்த புல் பாழாகிவிடும் என்ற கவலை. ஆட்டத்தன்று அரை மணி முன்னால் உடம்பைச் சூடாக்க ஓடுவதோடு சரி.

பழைய மைதானத்துக்கும் தவமணிதான் புல் வெட்டினாள். அங்கே கிடந்த மெஷினின் கத்தி துருவேறி ஒரே உயரத்தில் இறுகிப் போயிருந்தது.

"சார், அந்த மெஷினை ஒரு தடவ ரிப்பேருக்கு அனுப்பணும்."

"பயிற்சி மைதானம்தானேம்மா. அது கிடக்கட்டும். இங்க உள்ளதைப் பாரு."

"சரி சார்."

*

ஜனவரியில் அணி பத்தாவது இடத்தில் இருந்தது. வெளியூரில் மூன்று வெற்றி. உள்ளூரில் ஒன்றுகூட இல்லை. பத்திரிகைகள் கேலி செய்தன. ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளூர் ஆட்டத்துக்கும் பஸ் ஏறி நாலு தெரு சுற்றிவிட்டு வரச் சொன்னார்கள்.

மரியசெல்வம் மறுபடியும் கருவி அறைக்கு வந்தார்.

"நீ சொன்னபடி நடந்து பாத்தேன். புல்லையும் மாத்திப் பாத்தாச்சு. ஒண்ணும் நடக்கல. இன்னும் என்ன செய்யணும்?"

தவமணி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக் கோட்டுக்கு வெளியே போட்டாள்.

"நாளைக்கு மூணு மணிக்கு இங்க வந்து உக்காருங்க."

மறுநாள் மூன்று மணிக்கு, வெளியூரிலிருந்து வந்த அணி மைதானத்தில் இறங்கியது. வருகிற அணி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் அந்தத் தரையில் ஆடிப் பார்க்கலாம். அதுவும் லீக் விதிதான்.

மரியசெல்வம் ஒரு நோட்டுடன் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. அவர்கள் போனதும் எழுந்து வந்தார். அசல் உளவாளியின் மகிழ்ச்சி முகத்தில் இருந்தது.

"இன்னா சார் பாத்தீங்க?"

"எல்லாம் பாத்துட்டேன்! அவங்க ஏழாம் நம்பர் இடது காலைத் தொடவே மாட்டான். கார்னர்ல ரெண்டு பேரு குறுக்க ஓடுறாங்க. கோல்காப்பாளன் வலப்பக்கம் ஒரு அடி தள்ளி நிக்கான்."

ஐந்து பக்கம் வாசித்துக் காட்டினார். தவமணி கடைசி வரை கேட்டாள்.

"அவ்ளோதானா சார்?"

"வேற என்னம்மா இருக்கு?"

அவள் ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்தாள்.

மறுநாள் அந்த ஏழாம் நம்பர் வலது காலால் ஒரு கோல் அடித்தான். அணி தோற்றது.

*

ஏப்ரல். ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. உள்ளூரில்.

துறைமுக அணி பதினோராவது இடத்துக்கு இறங்கியிருந்தது. ஜெயித்தால் பத்தாவது இடம், பிழைத்துக்கொள்ளலாம். சமன் செய்தாலும் போதாது. வருவதோ பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் நீலச்சட்டை அணி.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் மரியசெல்வம் வந்தார். கடிதம் சட்டைப்பையிலேயே நைந்து போயிருந்தது. அவரும்தான்.

"நீலச்சட்டைக்காரனுக்கு எத்தனை வைக்கலாம்மா? எனக்கு ஓடவே இல்ல. உருட்டியும் ஆடுறான், தூக்கியும் ஆடுறான். எது வெச்சாலும் ஆடுவான் போலிருக்கு."

தவமணி சாக்பீஸை அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே எழுதுங்க சார்."

மரியசெல்வம் தகரக் கதவின் முன் நின்றார். ஆறு மாதத்தில் அவர் அந்தக் கதவைப் படித்ததே இல்லை. இப்போது படித்தார். மலைநாடு முப்பது. நெட்டையர் இருபத்தொன்று, தண்ணீர். ஓட்டக்காரர் இருபத்தெட்டு, சேறு. மஞ்சள்சட்டை இருபத்துமூன்று, காய்ந்த தரை. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினார். கடைசி வரிக்குக் கீழே 'நீலச்சட்டை' என்று எழுதினார்.

கை நின்றது.

மறுபடி மேலிருந்து படித்தார். இந்தத் தடவை மெதுவாக.

"ஏம்மா, நம்ம அணி பேரு எங்க?"

"நீங்க சொல்லவே இல்லையே சார்."

மரியசெல்வம் பக்கத்தில் கிடந்த புல் ரோலர் மேல் உட்கார்ந்தார்.

தூரத்தில் தண்ணீர் தெளிப்பான் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஜெபின் முகம் நினைவுக்கு வந்தது. கோல்காப்பாளர் கைக்கு அடியில் ஓடிய பந்து நினைவுக்கு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதியதும் வந்தது.

"முந்தின நாள் வந்து அவங்கதான் ஆடிப் பாக்காங்க" என்றார் தனக்குத்தானே.

"ஆமா சார்."

"நம்ம பையங்க?"

தவமணி வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பழைய மைதானத்துல புல்லு எத்தனைம்மா?"

"இருபத்தாறு. நாலு வருசமா அதேதான். அந்த மெஷின் வேற வெட்டத் தெரியாம கிடக்குதே."

மரியசெல்வம் எழுந்தார். எழுதியிருந்த 'நீலச்சட்டை'யை உள்ளங்கையால் அழித்தார்.

"அந்த மெஷினைக் கொண்டு வரச் சொல்லு."

*

போன ஆட்டத்துக்காக முப்பதுக்கு விட்டிருந்த புல். துருப்பிடித்த மெஷின் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. அதைத் தள்ளிக்கொண்டு போனவர் மரியசெல்வம். தவமணி பின்னால் நடந்தாள். இரண்டு இடத்தில் கோணலாக வெட்டினார். அவள் திருப்பி வெட்டச் சொல்லிக் கை காட்டினாள்.

அடுத்த இரண்டு நாளும் காலையில் துறைமுக அணி அங்கேயே பயிற்சி செய்தது. புல் கொஞ்சம் பாழானது. முதல் பந்தை வாங்கியதும் ஜெபின் தரையைப் பார்த்தான். பிறகு பயிற்சியாளரைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சீசனில் அவன் சிரித்ததை மற்றவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மூன்று மணிக்கு நீலச்சட்டை அணி வந்தது. அதன் பயிற்சியாளர் விவரமானவர். குந்தி உட்கார்ந்து புல்லுக்குள் விரலை விட்டு அளந்தார். தரையை அமுக்கிப் பார்த்தார். சந்தேகம் தீராமல் மரியசெல்வத்திடம் வந்தார்.

"உங்க வித்தையெல்லாம் லீக் முழுக்கத் தெரியும் சார். எங்களுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு ஒண்ணும் வைக்கல."

அவர் நம்பவில்லை. ஒரு மணி நேரமும் தன் ஆட்களை விட்டுப் புல்லில் எதையோ தேடினார்.

*

ஆட்டம் நல்ல ஆட்டம் என்று சொல்ல முடியாது. நீலச்சட்டைக்காரர்களின் பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எழுபத்தொன்றாவது நிமிஷம் இடது ஓரத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. பந்து எப்போது வரும் என்று ஜெபினுக்குத் தெரியும். அதனால் அவன் பந்தைப் பார்க்கவில்லை. கோல்காப்பாளரைப் பார்த்துக்கொண்டே அடித்தான்.

ஒன்றுக்குப் பூஜ்யம்.

பத்தாவது இடம். அதற்கெல்லாம் கோப்பை தருவதில்லை. ஆனால் ஒரு கடிதம் கிழிபட்டது.

கூட்டம் கலைந்த பிறகு மரியசெல்வம் கருவி அறைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. மறைக்க முயன்றார், முடியவில்லை. தவமணி ஈரத் துணியால் தகரக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மலைநாடு போனது. நெட்டையர் போனார்கள்.

"ஏம்மா, ஒனக்கு அப்பவே தெரியும். மொத நாளே சொல்லியிருக்கலாம்லா? எத்தனை ஆட்டம் போச்சு!"

"மொத நாளே சொன்னேனே சார்."

"எங்க சொன்ன? ஷூவைக் கழட்டி நடக்கச் சொன்ன. நடந்தேன்."

தவமணி துணியைப் பிழிந்தாள்.

"நடந்தீங்க சார். மலைநாட்டுக்காரங்க காலால நடந்தீங்க."